காளான் மருந்தும் ஒரு சொட்டு அயோடினும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். வீட்டில் யாருக்காவது புற்றுநோய் சிகிச்சை நடந்துகொண்டிருந்தால் மட்டும், தள்ளிப் போடாமல் இன்றே படித்துவிடுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: நான் ஓய்வு பெற்ற இடைநிலை ஆசிரியர். இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி, பிறகு 33 வருடம் கிராமத்து நடுநிலைப் பள்ளிகளில் வேலை. கல்லூரிப் படிப்பு கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை அறிவியல் எடுத்தவன். இந்தப் பதிவில் இருப்பது அந்த அளவு அறிவியலும், பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான். தவறு இருந்தால் படித்தவர்கள் திருத்துங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு வருடம் முன்னால் ஐப்பசி மாதத்தில் என் அத்தானுக்கு (மூத்த அக்கா வீட்டுக்காரர்) இரைப்பையில் புற்றுநோய் என்று சொன்னார்கள். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அதன் பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை கீமோ என்று டாக்டர் தேதி போட்டுக் கொடுத்தார். இரண்டு முறை போனார். வாயெல்லாம் புண், வாந்தி, சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு. மனுஷன் பாதியாகிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் என் பழைய மாணவன் ஒருவன் வந்தான். நல்ல பையன். கையில் ஒரு புட்டி. உள்ளே மாத்திரைக் கூட்டில் அடைத்த காளான் பொடி. "சார், இது நாம சாப்பிடுற காளான் இல்ல சார். மரத்துல வளர்றது. ஜப்பான்ல கவர்மெண்டே கேன்சருக்கு அனுமதிச்சது. பாலிசாக்கரைடு நாப்பது பர்சென்ட். பாருங்க, போட்டிருக்கு" என்றான்.

அக்கா என்னைப் பார்த்தாள். "தம்பி, நீ படிச்சவன். நீ சொல்லு, வாங்கலாமா?"

நான் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 40 சதவீதம் என்று போட்டிருந்தது. கண்ணாடி போட்டும் படிக்க முடியாத எழுத்தில் ஏதோ ஆங்கிலத்தில் இருந்தது. "வாங்கிப் பாக்கலாம்க்கா, கெடுதல் ஒண்ணும் இருக்காது" என்றேன்.

இந்தப் பதிவு எழுத அந்த ஒரு வாக்கியம்தான் காரணம்.

புட்டி 2,400 ரூபாய். மூன்று புட்டி வாங்கினார்கள். பணம் போனால் போகிறது. அத்தான் என்ன செய்தார் என்றால், "இது முடியட்டும், உடம்பு கொஞ்சம் தேறட்டும், அப்புறம் கீமோவுக்குப் போலாம்" என்று இரண்டு தேதியை விட்டுவிட்டார். ஆறு வாரம். பிறகு டாக்டரிடம் திட்டு வாங்கி மறுபடி போனார். போன பங்குனியில் காலமானார்.

அந்த ஆறு வாரம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் அக்கா இன்றைக்கும் கேட்கிறாள். அவளுக்குப் பதில் சொல்லத்தான் நான் இந்தக் காளானைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

படித்தபோது முதலில் ஒன்று தெரிந்தது. என் மாணவன் சொன்னது முழுப் பொய் இல்லை. பாதி உண்மை. அதுதான் இதில் உள்ள பெரிய சிக்கலே.

ஷிடாக்கே என்று ஒரு காளான். ஜப்பானில் 'ஷி' என்ற மரத்திலும் ஓக் வகை மரத்துண்டுகளிலும் வளர்ப்பார்கள். பெயரே அந்த மரத்திலிருந்து வந்ததுதான். டோக்கியோவில் உள்ள தேசியப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் கோரோ சிஹாரா என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் இந்தக் காளானிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். எலிகளுக்கு அதை ஊசியாகப் போட்டபோது கட்டி கரைந்ததை 1969-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அந்தப் பொருளுக்கு லென்டினான் என்று பெயர். 1980-களின் நடுவில் ஜப்பான் அரசு அதை இரைப்பைப் புற்றுநோய்க்குக் கீமோ மருந்தோடு சேர்த்துக் கொடுக்க அனுமதித்தது.

அதற்கு முன்பே, 1977-ல், இன்னொரு மரக்காளானிலிருந்து எடுத்த பி.எஸ்.கே. என்ற மருந்துக்கு அங்கே அனுமதி கிடைத்திருந்தது. வான்கோழியின் வால் போல வண்ண வண்ண வரியோடு, பட்ட மரத்தில் அடுக்கடுக்காக வளரும் காளான் அது. மூன்றாவதாக ஸ்கைசோஃபில்லான். இது கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுக்க அனுமதிக்கப்பட்டது. இதைத் தரும் காளானை நீங்களே பார்த்திருப்பீர்கள். மழைக்காலத்தில் நம்மூர்ப் பட்டுப்போன மாங்கிளையில் சின்னச் சின்ன விசிறி மாதிரி, வெள்ளை ரோமத்தோடு ஒட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். மணிப்பூர்க்காரர்கள் அதைச் சமைத்தே சாப்பிடுகிறார்கள்.

பி.எஸ்.கே. பற்றி 1994-ல் லான்செட் இதழில் ஒரு ஆய்வு வந்தது. இரைப்பைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 262 பேர். ஒரு பாதிக்குக் கீமோ மட்டும். மறு பாதிக்குக் கீமோவோடு பி.எஸ்.கே. ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், கீமோ மட்டும் எடுத்தவர்களில் 60 சதவீதம், இரண்டும் எடுத்தவர்களில் 73 சதவீதம்.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அத்தானுக்கு வந்த அதே நோய். அப்படியென்றால் அந்தப் புட்டியும் நல்லதுதானோ? ஆனால் மறுபடி மறுபடி படித்தபோது ஒரு சொல் கண்ணில் பட்டது. 'கீமோவோடு.' 262 பேரில் ஒருவர்கூடக் கீமோவை விட்டுவிட்டுக் காளான் சாப்பிடவில்லை.

அப்போதும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. எங்கள் புட்டியில் இருந்ததும் அந்த ஜப்பான் மருந்தும் ஒன்றா?

இதற்குப் பதில் சொன்னது என் இன்னொரு மாணவி. நான் ஏழாம் வகுப்பில் பாடம் எடுத்த பெண். இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் மரத்தில் வளரும் காளான்களிலிருந்து பாலிசாக்கரைடு பிரித்தெடுத்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். ஒரு சனிக்கிழமை என்னைத் தன் ஆய்வகத்துக்கே கூட்டிப்போய்க் காட்டினாள். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன்.

முதலில், பாலிசாக்கரைடு என்றால் என்ன? பூக்காரம்மா சரம் தொடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே மல்லிகைதான். நெருக்கிக் கட்டினால் ஒரு சரம், கலக்கக் கட்டினால் ஒரு சரம், நடுவில் கிளை விட்டுக் கட்டினால் வேறு ஒன்று. இங்கே பூ என்பது குளுக்கோஸ். அதை ஒரு விதமாகக் கோத்தால் அரிசியில் இருக்கும் ஸ்டார்ச். வேறு விதமாகக் கோத்தால் மரத்தில் இருக்கும் செல்லுலோஸ். இன்னொரு விதமாகக் கோத்தால் காளானின் செல்சுவரில் இருக்கும் பீட்டா குளுக்கான். மூன்றும் பாலிசாக்கரைடுதான். மூன்றும் குளுக்கோஸ்தான். சோறு பசியாற்றும், மரம் விறகாகும், காளானின் சரம் நம் உடம்பின் காவல் செல்களைத் தட்டி எழுப்பும். பூ ஒன்றுதான், கட்டு வேறு.

அது ஏன் தட்டி எழுப்புகிறது என்பதற்கும் காரணம் உண்டு. பூஞ்சைகள் நம் உடம்புக்குள் நுழைந்தால் நோய். அதனால் பூஞ்சைச் சுவரை அடையாளம் காண நம் வெள்ளணுக்களில் ஒரு வாங்கியே இருக்கிறது. டெக்டின்-1 என்று பெயர். இங்கிலாந்தில் 2001-ல் கண்டறிந்தார்கள். பீட்டா குளுக்கான் அதில் போய் ஒட்டினால் 'திருடன் வந்துவிட்டான்' என்று மணி அடிக்கும். ஸ்டார்ச் போய் நின்றால் மணி அடிக்காது.

இனி ஆய்வகம்.

காளானைக் காய வைத்துப் பொடியாக்கி, முதலில் ஆல்கஹாலில் ஊற வைக்கிறாள். கொழுப்பு, நிறம், சின்னச் சர்க்கரைகள் அதில் போய்விடும். மிஞ்சிய பொடியைத் தண்ணீரில் போட்டு, கொதிநிலைக்குப் பக்கத்தில் மணிக்கணக்காகக் காய்ச்சுகிறாள். ஏன் இவ்வளவு நேரம்? காளானின் சுவரில் கைட்டின் இருக்கிறது. நண்டு ஓட்டிலும் இறால் ஓட்டிலும் இருக்கும் அதே பொருள். அது லேசில் விட்டுக்கொடுக்காது. காய்ச்சியதை வடிகட்டி, வற்ற வைத்து, அதில் நான்கு பங்கு ஆல்கஹால் ஊற்றினாள். கலங்கலாக இருந்தது, கொஞ்ச நேரத்தில் வெள்ளை நூலாகத் திரிந்து அடியில் படிந்தது. "சார், இதுதான் கச்சாப் பாலிசாக்கரைடு" என்றாள்.

"முடிஞ்சதாம்மா?" என்றேன்.

"இப்பதான் சார் ஆரம்பமே."

அதில் புரதம் கலந்திருக்கும். குளோரோஃபார்மும் பியூட்டனாலும் சேர்த்துக் குலுக்கினால் புரதம் நடுவில் ஆடை மாதிரி ஒதுங்கும். அதை எடுத்துவிட்டு மறுபடி குலுக்க வேண்டும். ஆடை வராத வரைக்கும் இதே வேலை. பிறகு நுண்துளைப் பையில் கட்டித் தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போட வேண்டும். உப்பும் சின்னச் சர்க்கரையும் வெளியே போய்விடும். பிறகு குழாய் குழாயாக ஊற்றி, மின்னூட்டத்தை வைத்து ஒரு முறை, அளவை வைத்து ஒரு முறை பிரிக்க வேண்டும். தண்ணீரில் கரையாத மிச்சத்துக்குக் காரக் கரைசலில் தனியாக ஒரு சுற்று. 100 கிராம் பொடியில் ஆரம்பித்தால் கச்சாவாகக் கிடைப்பது சில கிராம். சுத்தம் செய்து முடித்தால் அதிலும் சொற்பம். கடைசியில் கையில் இருந்தது பஞ்சு மாதிரி ஒரு துளி.

அடுத்தது, அது என்ன என்று கண்டுபிடிப்பது. எனக்குப் பிடித்தது இந்தப் பகுதிதான். ஒரு பொருளை வைத்துக்கொண்டு 'நீ யார்' என்று ஆறு விதமாகக் கேட்கிறார்கள். அமிலத்தில் உடைத்து, உள்ளே இருப்பது குளுக்கோஸ் மட்டுமா, மேனோஸ், கேலக்டோஸ் உண்டா என்று பார்க்கிறார்கள். எந்தக் கையும் எந்தக் கையும் கோத்திருக்கிறது என்பதற்குத் தனிச் சோதனை. அகச்சிவப்பு ஒளியில் 890 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் குறி விழுந்தால் பீட்டா கட்டு, 850 பக்கம் விழுந்தால் ஆல்ஃபா கட்டு. சரம் எவ்வளவு நீளம் என்று ஒரு அளவு. காங்கோ சிவப்புச் சாயம் போட்டு நிறம் நகர்கிறதா என்று பார்த்தால், மூன்று சரம் முறுக்கிய முப்புரிக் கயிறாக இருக்கிறதா என்று தெரியும். லென்டினானில் நடுச்சரத்தின் 5 குளுக்கோஸுக்கு 2 கிளை. ஸ்கைசோஃபில்லானில் 3-க்கு 1 கிளை. இவ்வளவு நுணுக்கம். கடுமையான காரத்தில் போட்டால் அந்த முப்புரி பிரிந்துவிடும். பொருள் அதேதான், ஆனால் கயிறாக இல்லை.

அவளிடம் உறவுக்காரர்கள் எல்லாரும் கேட்பார்களாம், "என்னம்மா, மருந்து கண்டுபிடிச்சிட்டியா?" என்று. அவள் பதில்: "இல்லைங்க, இது என்னன்னுதான் கண்டுபிடிச்சிக்கிட்டு இருக்கேன்."

நண்பர்களே, நான் சொல்ல வந்த கருத்தே இதுதான். மருந்துக்கும் பொடிக்கும் நடுவில் இருப்பது இந்த வேலை. பிரித்தெடுப்பதும், அது இன்னதென்று அடையாளம் காண்பதும். பார்க்கச் சலிப்பான வேலை. செய்திக்கு உதவாத வேலை. ஆனால் இதைச் செய்ததால்தான் ஜப்பான்காரர்கள் அதை மருந்து என்று சொல்ல முடிந்தது. லென்டினானை வாரத்துக்கு 2 மில்லிகிராம் ஊசியாகப் போட்டார்கள். 2 மில்லிகிராம்! என்ன போடுகிறோம் என்று தெரிந்ததால்தான் அந்த அளவைச் சொல்ல முடிந்தது. புட்டிக்காரர் செய்வது, அந்த வேலையை முழுக்க விட்டுவிட்டு அதன் பெருமையை மட்டும் லேபிளில் ஒட்டிக்கொள்வது.

அந்த 40 சதவீதத்தைப் பற்றியும் அவளிடம் கேட்டேன். சிரித்தாள். ஒரு சோதனைக்குழாயில் காளான் சாற்றையும், இன்னொன்றில் தன் சாப்பாட்டு டப்பாவிலிருந்து நாலு பருக்கை சோற்றைக் கரைத்தும் எடுத்துக்கொண்டாள். இரண்டிலும் பீனால் விட்டு, அடர் கந்தக அமிலம் விட்டாள். இரண்டுமே ஆரஞ்சு மஞ்சளாக மாறின. "சார், மொத்தச் சர்க்கரையை அளக்கிற சோதனை இது. 1956-ல இருந்து உலகம் பூரா செய்யுறாங்க. இதுக்குச் சோறும் தெரியாது, காளானும் தெரியாது. சர்க்கரைச் சரம் எதுவா இருந்தாலும் மஞ்சளாக்கிடும். இதை மட்டும் வச்சு பாலிசாக்கரைடு இவ்வளவுன்னு போட்டா, அதுல அரிசி மாவும் சேரும்."

அரிசி மாவு எப்படி வரும் என்று கேட்காதீர்கள். சில கம்பெனிகள் காளானையே வளர்ப்பதில்லை. அரிசி, சோளம் மாதிரி தானியத்தில் பூஞ்சை இழையை வளரவிட்டு, தானியத்தோடு சேர்த்துக் காய வைத்து அரைத்துவிடுகிறார்கள். பூஞ்சை தின்றது போக மிச்சத் தானியமும் உள்ளே. அதுவும் 'பாலிசாக்கரைடு'தான்.

வீட்டுக்கு வந்தேன். மூன்றாவது புட்டியில் பாதி மிச்சம் இருந்தது. அக்கா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். ஒரு கூட்டைப் பிரித்துப் பொடியைக் கொட்டினேன். கொஞ்சம் தண்ணீரில் கொதிக்க வைத்து, ஆற விட்டேன். (ஆறியபிறகுதான் சோதிக்க வேண்டும். சூட்டில் நிறம் வராது.) பக்கத்தில் இன்னொரு கிண்ணத்தில் கடையில் வாங்கிய சிப்பிக் காளானைக் காய வைத்துப் பொடித்து அதே மாதிரி செய்தேன். இரண்டிலும் டிங்சர் அயோடின் ஒரு சொட்டு.

சிப்பிக் காளான் கிண்ணம் அயோடின் நிறத்திலேயே பழுப்பாக இருந்தது. காளானில் ஸ்டார்ச் கிடையாது. நம் உடம்பைப் போல அதுவும் கிளைகோஜனாகத்தான் சேமிக்கும். 2,400 ரூபாய்க் கிண்ணம் கருநீலமானது. ஆறாம் வகுப்பில் உருளைக்கிழங்கின் மேல் சொட்டு விட்டால் வருமே, அந்தக் கருநீலம்.

நியாயமாகவும் பேச வேண்டும். இந்தச் சோதனை உள்ளே ஸ்டார்ச் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. மாத்திரைக் கூட்டை நிரப்பக் கொஞ்சம் மாவு சேர்ப்பதும் உண்டு. நீலம் வராவிட்டால் நல்ல சரக்கு என்றும் அர்த்தமில்லை. ஆனால் லேபிளில் எங்கேயும் மாவு என்று ஒரு சொல் இல்லை. இருந்ததெல்லாம் பாலிசாக்கரைடு 40 சதவீதம்.

இது என் ஒரு புட்டியின் கதை மட்டும் இல்லை. 2017-ல் அமெரிக்கச் சந்தையில் விற்கும் ரெய்ஷி காளான் பொருட்கள் 19-ஐ வாங்கிச் சோதித்து ஒரு ஆய்வு வந்தது. லேபிளில் சொன்னபடி இருந்தவை 5. ரெய்ஷி என்பதும் மரத்தில் வளரும், அரக்குப் பூசியது போலப் பளபளக்கும் காளான்தான். காபி, டீ, பற்பசை என்று நம்மூரிலும் சங்கிலி வியாபாரத்தில் வருகிறது. அதைப் புற்றுநோய்க்குக் கொடுத்த ஆய்வுகளை எல்லாம் கூட்டிப் பார்த்தது காக்ரேன் என்ற அமைப்பு. 5 ஆய்வுகள், 373 நோயாளிகள். முதல் சிகிச்சையாக இதைக் கொடுக்கப் போதிய ஆதாரம் இல்லை, வேண்டுமானால் வழக்கமான சிகிச்சையோடு கூடுதலாக யோசிக்கலாம் என்றார்கள். அங்கேயும் அதே சொல். 'கூடுதலாக.'

சிலர் என்னிடம் வாதம் செய்வார்கள் என்று தெரியும். "ஐயா, நம் முன்னோர் மருத்துவத்தைக் கேலி செய்கிறீர்களா?" என்று கேட்பார்கள். இல்லை. காளானைக் கஷாயமாகக் காய்ச்சிக் குடிக்கும் பழக்கம் சீனாவிலும் ஜப்பானிலும் பல நூறு வருடமாக உண்டு. என் மாணவி ஆய்வகத்தில் முதலில் செய்ததே அந்தக் கஷாயம்தான், மணிக்கணக்கில் காய்ச்சி வடிகட்டியது. பாட்டிமார்களுக்குக் கைட்டின் என்ற பெயர் தெரியாது, ஆனால் காய்ச்ச வேண்டும் என்று தெரிந்திருந்தது. பச்சைப் பொடியைக் கூட்டில் அடைப்பவர்தான் முன்னோரையும் மதிக்கவில்லை, விஞ்ஞானத்தையும் மதிக்கவில்லை.

"கீமோ மட்டும் என்ன அமிர்தமா?" என்பார்கள். இல்லை. அத்தான் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆனால் அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, நூறு பேருக்குக் கொடுத்தால் எத்தனை பேர் தேறுகிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தாங்க முடியாவிட்டால் டாக்டரிடமே சொல்லலாம், அளவைக் குறைப்பார், வாந்திக்கு மருந்து கொடுப்பார். நாங்கள் அதைச் சொல்லாமல் புட்டியைத் தேடினோம்.

இப்போது நான் கேட்பது நான்கு.

ஒன்று, அரசுக்கு. புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வது 1954-ஆம் வருடச் சட்டப்படியே குற்றம். இதுபோன்ற சத்துப் பொருட்களில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட வேண்டும் என்பது 2016 விதி. எங்கள் புட்டியிலும் இருந்தது, அந்தப் படிக்க முடியாத எழுத்தில், ஆங்கிலத்தில். லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதைத் தமிழில், பெரிய எழுத்தில் போட வையுங்கள். 'பாலிசாக்கரைடு' என்று மொத்தமாகப் போடுவதை நிறுத்தி, பீட்டா குளுக்கான் எவ்வளவு, ஸ்டார்ச் எவ்வளவு என்று தனித்தனியாகப் போட வையுங்கள். இரண்டையும் நொதிகளை வைத்துப் பிரித்து அளக்கும் முறை இருக்கிறது. செய்ய முடியாத காரியம் இல்லை.

இரண்டு, செய்தி போடுபவர்களுக்கு. ஒரு கல்லூரியில் காளான் சாற்றைக் கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுச் செல்களின் மேல் ஊற்றி அவை செத்தால், 'புற்றுநோய்க்குக் காளான் மருந்து' என்று தலைப்பு போடாதீர்கள். தட்டில் செத்தது தட்டில்தான். அந்த மாணவியோ மாணவனோ அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டார்கள். உங்கள் தலைப்பை வெட்டித்தான் புட்டிக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்.

மூன்று, வீட்டில் நோயாளி இருப்பவர்களுக்கு. காளான் சாப்பிடுங்கள், தப்பே இல்லை. சிப்பிக் காளானும் மரத்தைத் தின்று வளரும் வகைதான், அதன் சுவரிலும் பீட்டா குளுக்கான் இருக்கிறது. குழம்பு வையுங்கள், வறுவல் செய்யுங்கள். அது நல்ல சாப்பாடு. மருந்து என்று யாராவது கொண்டு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இதில் இருப்பது என்ன பொருள்? எப்படி அளந்தீர்கள்? எந்த நோயாளிகளுக்கு, எதோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தீர்கள்? பதில் எதுவாக இருந்தாலும், புட்டியை உங்கள் டாக்டரிடம் காட்டாமல் திறக்காதீர்கள். சிகிச்சைத் தேதியை எந்தப் புட்டிக்காகவும் தள்ளாதீர்கள்.

நான்காவது, என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு. இதை ஒரு சம்பவமாகச் சொல்லி முடிக்கிறேன்.

அத்தான் காரியத்துக்கு அந்த மாணவனும் வந்திருந்தான். கூட்டம் கலைந்த பிறகு திண்ணைக்குக் கூப்பிட்டேன். திட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவனே 60,000 ரூபாய் போட்டு இந்த வியாபாரத்தில் மாட்டிக்கொண்டவன். சர்க்கரை நோய்க்கு என்று தன் சொந்த அம்மாவுக்கே அந்தப் பொடியைக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். அவன் ஏமாற்ற வரவில்லை. நம்பித்தான் வந்தான். ஒன்றும் சொல்லாமல் இரண்டு கிண்ணத்தையும் கொண்டு வந்து வைத்து அவனையே சொட்டு விடச் சொன்னேன். கருநீலத்தைப் பார்த்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான்.

"சார், இத அப்பவே ஏன் சார் எங்களுக்குச் சொல்லல?"

"சொன்னேனேடா. ஆறாம் வகுப்புல. உன் கையாலயே செஞ்சு காட்டுன."

"அது அரிசிக்கு சார். உருளைக்கிழங்குக்கு."

உண்மைதான். அரிசிக்கும் உருளைக்கிழங்குக்கும் சொன்னேன். பரீட்சையில் கேட்பார்கள் என்று சொன்னேன். கடையில் வாங்கும் எதன் மேலும் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம், யார் சொன்னாலும் சோதித்துப் பார்க்கலாம் என்று 33 வருடத்தில் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவன் அந்தப் பையைத் தூக்கியிருக்க மாட்டான். நானும் அக்காவிடம் 'வாங்கிப் பாக்கலாம்' என்று சொல்லியிருக்க மாட்டேன்.

இப்போது பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளே, ஸ்டார்ச் பாடம் வரும்போது அரிசியோடு நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் இருக்கும் பவுடர், பாக்கெட், மாத்திரைக் கூடு எதையாவது கொண்டு வரச் சொல்லுங்கள். ஒரு சொட்டுதான் செலவு.

யாருக்காவது பயன்படும் என்று தோன்றினால் பகிருங்கள், என்னிடம் கேட்க வேண்டியதில்லை. கம்பெனிப் பெயரைக் கேட்டு யாரும் எழுத வேண்டாம், சொல்ல மாட்டேன். பெயர் மாறும், புட்டி மாறும். கேட்க வேண்டிய கேள்வி மாறாது.